நாலு பங்குக் கிணறும் ஒரு கையெழுத்தும்

விருதின் இறுதிச் சுற்றுக்கு என் பெயர் போயிருக்கிறது என்று கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொன்னபோது, முதலில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்ல செய்தி கேட்டால் சிலருக்குக் கண்ணில் நீர் வரும். எனக்கு நல்லதோ கெட்டதோ எல்லாமே வயிறு வழியாகத்தான் வரும்.

ஆய்வுக்கூடத்தில் கிடக்கும் ஆராய்ச்சியைக் கடையில் விற்கும் பொருளாக மாற்றியவர்களுக்கான விருது அது. நான் மாற்றியது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கடலை ஒட்டிய ஊர்களில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படலமாக மிதக்கும். உப்புத் தண்ணீர் கீழே காத்திருக்கும். அளவு தெரியாமல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். என் பெட்டி கிணற்றுக்குள் இரண்டு உலோக முள்ளை விட்டு உப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏறுகிறது என்று தெரிந்தால் மோட்டாரை நிறுத்திவிடும். திருச்சியில் பதினோரு வருடம் உட்கார்ந்து செய்தது. கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனம் அதற்கு ‘உப்பறி’ என்று பெயர் வைத்து விற்கிறது. யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடமாக நன்றாக விற்கிறது என்றார்கள்.

நடுவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். வெளிநாட்டில் இந்தக் கருவி ஓடும் ஒரு கிணற்றை ஆய்வாளரே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். உரிமையாளர் தன் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் அது வந்து சேராவிட்டால் விருது அடுத்தவருக்கு. முதல்வர் அதற்குள் கல்லூரி வாசலில் என் முகத்தைப் பிளெக்ஸில் போட்டுவிட்டார். பதினைந்து அடி உயரத்தில் என் மூக்கைப் பார்த்துவிட்டுத்தான் நான் யாழ்ப்பாணம் புறப்பட்டேன்.

யாருக்கும் சொல்லாத ஒரு பயமும் கூடவே புறப்பட்டது. என் சோதனைகள் எல்லாம் திருச்சிப் பக்கத்துக் கருங்கல் கிணறுகளில் நடந்தவை. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி. சுண்ணாம்பை உப்பு என்று என் பெட்டி நினைத்துக்கொண்டால்? அதைப் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் அவகாசம் இருந்தது. பார்க்காமல் இருக்க நல்ல நல்ல காரணங்களும் இருந்தன.

திங்கட்கிழமை. விமானம் என்றார்கள், இரண்டு பக்கமும் மின்விசிறி வைத்த மினிபஸ் ஒன்று நின்றது. அது எழும்பியதும் நான் இருக்கையின் கையைப் பிடித்தேன். பக்கத்தில் வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவர். என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உதைப் பிடிச்சு என்ன செய்யிறது? உதுவும் விமானத்தோடை பூட்டினதுதானே. அது விழுந்தா உதுவும் விழும்.”

எனக்கு அது ஆறுதலாக இல்லை.

“எங்கடை அப்பு ஆக்கள் பாய் கட்டின வள்ளத்திலை போய் வந்த கடல் உது” என்று ஜன்னலுக்கு வெளியே மோவாயை நீட்டினார். “கீழை பாருங்கோ, என்ன வடிவு.” நான் பார்க்கவில்லை. அவர் மடியிலிருந்த அல்வாப் பொட்டலத்தைப் பார்த்தேன். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குப் பயம் என்று நினைத்தாரோ என்னவோ, பிரித்து ஒரு துண்டு கொடுத்தார்.

இறங்கிய இடத்தில் பெட்டிகளைச் சோதித்தார்கள். மாற்றுக் கருவி ஒன்றைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். சாம்பல் பெட்டி, அதிலிருந்து இரண்டு வயர், நுனியில் உலோக முள், நடுவில் சிவப்பு விளக்கு, பக்கத்தில் ஒரு டைமர். பதினோரு வருடமாக அதை அறிவியல் கருவி என்றே நம்பியிருந்தேன். எக்ஸ்ரே திரையில் பார்த்தபோதுதான் அது வேறு எதைப் போலத் தெரிகிறது என்பது எனக்கே உறைத்தது.

அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் எனக்குச் சொன்னார்: “இது என்ன செய்யும் எண்டு கேக்கிறார்.”

“நிறுத்தும்” என்றேன்.

“எதை?”

“எல்லாத்தையும்” என்றது என் வாய். மோட்டாரை என்று நான் திருத்துவதற்குள் இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கரண்டி உப்பும் கேட்டு வாங்கினேன். முள்ளைத் தண்ணீரில் விட்டேன், பச்சை விளக்கு. உப்பைப் போட்டுக் கலக்கினேன். டக். சிவப்பு. அதிகாரி சிரித்துவிட்டு ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். அந்தப் பெண் அதைச் சுருக்கினார்: “தன்ரை மாமியாரின்ரை மீன்குழம்புக்கு உது ஒண்டு வேணுமாம். எவ்வளவு எண்டு கேக்கிறார்.”

வெளியே ரஞ்சன் நின்றான். உப்பறியின் யாழ்ப்பாண முகவர். முப்பத்தைந்து வயது, ஒரு மோட்டார்சைக்கிள், எந்நேரமும் சிரிப்பு. “பிரச்சினையில்லை சேர்” என்பது அவனுடைய வணக்கம். அவன் அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு பிரச்சினை வந்தது. அன்று வந்த பிரச்சினை, என் சூட்கேஸைக் கட்டியிருந்த கயிறு வழியில் அறுந்தது. ஒரு நாய் என் சட்டையோடு அரைக் கிலோமீட்டர் ஓடியது.

நெல்லியடியில் அறை. சாயங்காலமே சாப்பிடக் கூட்டிப் போனான். எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காயுமாக எப்போதாவது வரும் பலகாரம். இங்கே அது நிரந்தர ஊழியர். குழம்பில் கிடந்த மீன் என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன். வறுத்து இடித்த மிளகாய்த்தூளின் கருஞ்சிவப்பு. ஒரு வாய் வைத்ததும் காதுக்குள் மணி அடித்தது. “உறைப்போ?” என்றான் ரஞ்சன். தலையாட்டக்கூட முடியவில்லை. கடைக்காரர் ஓடிவந்து, “இந்தியா ஆள் எண்டு முதலே சொல்லியிருந்தா நான் உறைப்பில்லாமல் வைச்சிருப்பனே” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “உது உறைப்பில்லாத குழம்புதான்” என்றார்.

செவ்வாய்க்கிழமை ரஞ்சனின் மோட்டார்சைக்கிள் பஞ்சர். மினிபஸ்ஸில் போனோம். நடத்துநர் ஒல்லியான ஆள், வாசலில் பாதி உடம்பு. “உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை போங்கோ, நடுவிலை பந்து விளையாடலாம்!” நடுவில் எனக்கு ஒரு கால் வைக்க இடம் கிடைத்தது. இன்னொரு கால் ஓர் அம்மாவின் வெங்காயப் பைமேல். அவர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், “ஆறுதலா இறக்குங்கோ அண்ணை, அவசரமில்லை” என்றார். திருச்சியில் இந்நேரம் என் பரம்பரை முழுவதும் பஸ்ஸுக்குள் இழுத்துவரப்பட்டிருக்கும்.

இறங்கிய ஊரின் பெயரை எழுத மாட்டேன். நான் போய்வந்ததே அங்கே போதும் என்றிருப்பார்கள். பனையும் செம்மண்ணும், ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் கடல்நீரேரி. நடுவில் கிணறு. சுண்ணாம்புக்கல்லைச் சதுரமாக வெட்டி இறக்கிய பெரிய கிணறு. சுற்றுக்கட்டு என் முழங்கால் உயரம். கிணற்றுக் கருவி செய்தவனுக்குக் கிணறு என்றாலே பயம் என்பதை விண்ணப்பத்தில் நான் குறிப்பிடவில்லை. குந்தி உட்கார்ந்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து எட்டிப் பார்த்தேன்.

“சேர் கும்பிடுறாரோ?” என்று ஒரு குரல் கேட்டது. கந்தசாமி அண்ணை. அறுபது வயது, தேக்குக் கட்டை போல் உடம்பு. கூப்பிடு தூரம் என்பதை அவர் குரலை வைத்துத்தான் அளந்திருப்பார்கள். கிணற்றை ஒட்டிய முதல் தோட்டம் அவருடையது. வெங்காயத்தாள் கரும்பச்சையாக நின்றது.

பையிலிருந்து கைமீட்டரை எடுத்தேன். திருச்சியில் சரிபார்த்துக் கொண்டுவந்தது. வாளியில் தண்ணீர் எடுத்து அளந்தேன். பெட்டி என்ன சொன்னதோ அதையே மீட்டரும் சொன்னது. மூன்று தடவை அளந்தேன். பெட்டி சுண்ணாம்பில் ஏமாறவில்லை! இரண்டு வருடப் பயம் மூன்று நிமிடத்தில் இறங்கியது. எனக்கு அங்கேயே படுத்துத் தூங்க வேண்டும் போலிருந்தது.

கந்தசாமி அண்ணை படிவத்தில் எழுதினார்: ‘நல்ல பெட்டி. என்ரை வெங்காயத்துக்கு உப்புப் பிடிக்கேல்லை. எல்லாரும் வாங்க வேணும்.’ கீழே, ‘கிணற்றின் உரிமையாளர்’ என்றிருந்த ஒற்றை வரியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையில் வைத்தேன். “பிரச்சினையில்லை சேர், அலுவல் முடிஞ்சுது” என்றான் ரஞ்சன். “நண்டு சாப்பிடப் போவம்.”

அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

“நீரோ தம்பி, உந்தப் பெட்டி செய்தவர்?”

வேலிக்கு அப்பால் ஒரு பெண்மணி. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, மண்வெட்டி. ஞானம் ரீச்சர் என்று ரஞ்சன் காதில் சொன்னான். மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். சொல்லிவிட்டு அவன் இரண்டடி பின்னால் போனான்.

“ஆமாங்க” என்றேன்.

“அப்ப வாரும். வந்து பாரும்.”

கடைசித் தோட்டம் அவருடையது. மிளகாய். இலைகள் சுருண்டு, கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. மண் வெடித்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிய தடமே இல்லை.

“முந்தி எனக்கு உப்புத் தண்ணி வந்தது” என்றார் ரீச்சர். “இப்ப தண்ணியே வாறேல்லை. உம்மடை முன்னேற்றம் உதுதான்.”

நான் ரஞ்சனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஒரு பனைமரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று நண்டு சாப்பிட்டேன். ருசி நினைவில்லை. ஓட்டை உடைக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

புதன்கிழமை விடிவதற்குள் கிணற்றடிக்குப் போய்விட்டேன், சுற்றுக்கட்டுக்குப் பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குக் கந்தசாமி அண்ணையின் முறை. ஒரு மணித்தியாலம், வாய்க்கால் நிரம்ப நிரம்ப. ஏழு மணிக்கு நடுப்பங்குக்காரர். அவர்கள் அண்ணன் தம்பி. அண்ணன் ஒரு மணித்தியாலம் இறைத்தார். எட்டு மணிக்குத் தம்பி. எட்டு நாற்பதுக்கு, டக். சிவப்பு விளக்கு. மோட்டார் நின்றது. தம்பி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒன்பது மணிக்கு ரீச்சர் வந்தார். மண்வெட்டியை ஊன்றி, நின்ற மோட்டாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பயமுறுத்துவதற்கு அவருக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

கிணறு மறுபடி ஊற அடுத்த நாள் விடிந்துவிடும். விடிந்தால் மறுபடி கந்தசாமி அண்ணை. இந்தக் கோடை முழுக்க இப்படியே.

பெட்டி பிழையாக வேலை செய்யும் என்றுதான் நான் பயந்துகொண்டு வந்தேன். அது சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்தபோது வந்த பயம் அதைவிடப் பெரியது. பிழை என்றால் ஒரு வயரை மாற்றலாம். சரியாக வேலை செய்கிற ஒன்றை என்ன செய்வது? என் ஆய்வேட்டில் ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு விவசாயி. எங்கள் பக்கத்திலும் கூட்டுக் கிணறு உண்டு. என் ஆய்வுக்கூடத்தில்தான் இல்லை.

பெட்டியில் ஓர் ஆமைப்பூட்டு தொங்கியது. “இது யார் போட்டது?” என்றேன்.

ரஞ்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. “நான்தான் சேர். ரீச்சர் ஒருநாள் வயரைக் கழட்டிப்போட்டு இறைச்சவ. கந்தசாமி அண்ணை நிண்டு சத்தம். அதாலை பூட்டி, திறப்பை அவரிட்டைக் குடுத்தன்.”

“பூட்டை நீ போட்டு, சாவியை அவர்கிட்ட கொடுத்தியா?”

“வேறை ஆரிட்டைக் குடுக்கிறது? ரீச்சரிட்டையோ?”

சாயங்காலம் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். போகாமலிருக்கத் தைரியமில்லை. வேதாகம வசனம் அச்சடித்த நாட்காட்டி, துடைத்த மேசை, பால் இல்லாத தேத்தண்ணி, தட்டில் சீனி. கேள்விகள் தொடங்கின. முள் என்ன உலோகம்? வெப்பநிலை ஏறினால் அளவு மாறுமே, அதற்கு என்ன செய்தீர்? எத்தனை கிணற்றில் பரிசோதித்தீர்? முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்கூட எனக்கு அவ்வளவு வியர்க்கவில்லை. அங்கே தேர்வாளருக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

பிறகு அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்து வந்தார். சீதனமாக வந்த காணியின் பத்திரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியை விரலால் தொட்டு வாசித்தார்: “நாலில் ஒரு பங்கு கிணறும், வழிவாய்க்கால் பாத்தியதையும்.” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நாலில் ஒண்டு. கடைசி ஒண்டு எண்டு இதிலை இல்லை. உம்மடை பெட்டிக்கு உது வாசிக்கத் தெரியுமே?”

“தெரியாதுங்க.”

“வாசிக்கப் பழக்க ஏலுமோ?”

ஏலும். அதுதான் சங்கடம். பெட்டி உப்பைப் பார்ப்பதோடு நிமிடத்தையும் எண்ணும். பாதுகாப்பாக இறைக்கக்கூடிய நிமிடங்களை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவுதான் என்று அதற்குச் சொல்லிவிடலாம். மடிக்கணினி இருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் சட்டைப் பையில் கந்தசாமி அண்ணை எழுதிய கடிதம் இருந்தது. ஒரு கையெழுத்து, ஒற்றை வரி. நான் பேசாமல் ஊருக்குப் போனால் யாருக்குத் தெரியும்? ரீச்சருக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக்கு மேலான பார்வை திருச்சி வரை வரும்போலிருந்தது.

“காலமை வந்து செய்யிறேன்” என்று அந்த ஊர் மாதிரியே சொல்லிவிட்டு எழுந்தேன். எழுந்த வேகத்தில், கதிரை என்று அவர்கள் சொல்லும் நாற்காலி பின்னால் விழுந்தது.

வியாழன் காலை, மோட்டார் நின்ற பிறகு, கிணற்றடியில் நாலு பங்குக்காரரும் கூடினார்கள். மடிக்கணினியைக் கவசம் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

“இது எங்கடை அப்பு காலத்து முறை” என்றார் கந்தசாமி அண்ணை. காகங்கள் எழும்பின. “கிணத்துக்குக் கிட்டின காணிக்கு முதல் முறை. ஆளுக்கு ஒரு மணித்தியாலம்.”

“அந்த முறை எனக்கும் தெரியும் கந்தசாமி” என்றார் ரீச்சர். “ஆளுக்கு ஒரு மணித்தியாலம் எண்டா, எங்கை என்ரை மணித்தியாலம்?”

“அதை உந்தப் பெட்டியைக் கேளுங்கோ.”

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு குச்சியை எடுத்துச் செம்மண்ணில் கோடு போட்டேன். ஆறு மணியிலிருந்து எட்டு நாற்பது வரை நூற்றறுபது நிமிடம். நாலு பேர். ஆளுக்கு நாற்பது.

“அப்ப என்ரை இருபது நிமிசம்?” என்றார் கந்தசாமி அண்ணை.

“அது... ரீச்சருக்கு...”

“இந்தியாவிலையிருந்து பிளேன் ஏறி வந்து, என்ரை இருபது நிமிசத்தைப் பிடுங்கி அவவுக்குக் குடுக்கிறியள். நல்ல விருதுதான் உது!”

நடுப்பங்கு அண்ணனுக்கும் இருபது நிமிடம் போகும். தம்பிக்கு ஒன்றும் மாறாது. அதனால் தம்பி மேலும் கீழும் தலையாட்டினார், அண்ணன் பக்கவாட்டில் ஆட்டினார். ரீச்சர் அண்ணன் பக்கம் திரும்பி, “என்ன, சொல்லும்?” என்றார், அவ்வளவுதான். அண்ணனின் தலை பாதியில் நின்று திசை மாறியது. பிறகு என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “எனக்கு விஞ்ஞானம் படிப்பிச்சவ. இப்பவும் அவவைக் கண்டா எனக்குப் பிரம்படிக்குக் கை நீட்டத்தான் வரும்.” என் பயந்தாங்கொள்ளி இனத்தில் ஒருவரை அந்த ஊரில் கண்டுபிடித்த மகிழ்ச்சி எனக்கு.

கந்தசாமி அண்ணை ரீச்சரிடம் படித்தவர் இல்லை. மடியிலிருந்து சாவியை எடுத்து என் காலடியில் எறிந்தார். “திறவுங்கோ பாப்பம். ஆனா அதுக்கு முதல் என்ரை கடிதத்தைத் தாங்கோ.”

கொடுத்துவிட்டேன். யோசித்து எடுத்த முடிவு என்று இதைப் படிக்கிற யாராவது என்னைப் பாராட்ட வேண்டாம். யாராவது குரலை உயர்த்திக் கையை நீட்டினால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவது என் வழக்கம். நாகப்பட்டினம் பஸ்ஸில் ஒருமுறை என் மூக்குக்கண்ணாடியையே அப்படிக் கொடுத்திருக்கிறேன். அவர் கடிதத்தை நாலாகக் கிழித்துக் கிணற்றில் போட்டார். நாலு துண்டும் மெதுவாகச் சுற்றிச் சுற்றி இறங்கின.

பிறகு ஒரு விநோதம். பை காலியானதும் இழக்க ஒன்றுமில்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. சாவியைப் பொறுக்கிப் பூட்டைத் திறந்தேன். வெயிலில் மடிக்கணினித் திரை கறுப்பாகத் தெரிந்தது. ரீச்சர் தன் குடையை அதன்மேல் பிடித்தார். நான் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை கந்தசாமி அண்ணை விடியவே வெங்காயத்தோடு சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்விட்டார். அவர் தோட்டத்தில் கூலியாள்தான் இறைத்தார். ஆறு நாற்பதுக்குப் பெட்டி ஒருமுறை நிறுத்தி, அடுத்த முறைக்கு வழிவிட்டது. “அட, முடிஞ்சுதோ?” என்று அவர் சந்தோஷமாகத் தேத்தண்ணி குடிக்கப் போனார். ஏழு இருபது. எட்டு.

எட்டு மணிக்கு ரீச்சரின் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதலில் காய்ந்த மண் அதைக் குடித்தது, சத்தம்கூடக் கேட்டது. பிறகு நகர்ந்தது. ரீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தி பாத்தியாக வெட்டி விட்டுக்கொண்டு போனார். சிரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. இந்தக் கன்றுகளில் எத்தனை பிழைக்கும் என்று கேட்டேன். “அரைவாசி பிழைக்கும். இன்னும் பத்து நாள் விடாமல் தண்ணி கிடைச்சா” என்றார். எட்டு நாற்பதுக்கு மோட்டார் நின்றபோது கடைசிப் பாத்தி பாதிதான் நனைந்திருந்தது.

கையைக் கழுவிவிட்டு, “எங்கை உம்மடை படிவம்?” என்றார். இன்னொரு பிரதி கொண்டுவந்திருந்தேன். பயந்தவன் எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருப்பான். ரீச்சர் நின்றபடியே, கரும்பலகையில் எழுதுவது போல ஒரே நேர்கோட்டில் எழுதினார்:

‘இந்தக் கருவி உப்பைச் சரியாக அளக்கும். எங்கள் பங்கு அதற்குத் தெரியாது. செய்தவர் வந்து பார்த்துத் திருத்தினார். இன்று என் மிளகாய்க்கு நாற்பது நிமிடம் தண்ணீர் வந்தது. நாளைக்கு வருமா என்று சொல்ல முடியாது.’

‘கிணற்றின் உரிமையாளர்’ என்ற வரியில் தன் பெயரை எழுதி, பக்கத்தில், ‘நாலில் ஒரு பங்கு’ என்று சேர்த்தார்.

முதல்வருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிடம் கூப்பிட்டார். “சார், என்ன சார் இது? கடைசி வரியை வெட்டிட்டு அனுப்ப முடியாதா?”

“பார்க்கிறேன் சார்” என்றேன். நான் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

சனிக்கிழமை விமான நிலையத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியை அழிப்பது சுலபம். அதன்மேல் விரலால் தேய்த்தால் போதும், தேய்த்தும் பார்த்தேன். அழகான, நம்பிக்கையூட்டும் கடிதம் ஒன்று திரையில் வந்தது. பதினோரு வருடம் அதற்குள் அடங்கியிருந்தது. விருது கிடைத்தால் நிறுவனம் இன்னும் நூறு பெட்டி விற்கும். அந்த நூறும் நூறு கிணற்றடியில் டக் என்று நின்று, ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் மண்வெட்டியோடு வந்து நின்று பார்ப்பார்கள். அழித்ததை மீட்டேன். வரி திரும்பி வந்தது. முழுக் கடிதத்தையும் நடுவர்களுக்கு அனுப்பினேன். அனுப்பியது உறுதியானதும் வயிறு தன் வேலையைத் தொடங்கியது. கழிப்பறையிலிருந்து வந்தபோது முதல்வரின் அழைப்பு நாலு தவறியிருந்தது. நான் அழைக்கவில்லை.

ஐந்தாவதாக வந்தது ரஞ்சன். மணி எட்டு பத்து.

“சேர், பிரச்சினையில்லை” என்றான். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். “கந்தசாமி அண்ணை இண்டைக்குத் தானே இறைக்க வந்தவர். ஆறு நாப்பதுக்கு மோட்டர் நிண்டிட்டுது. சரியான சத்தம். வயரைப் பிடுங்கி, பெட்டியையும் கிணத்துக்கை போடப்போறன் எண்டு கோடாலியோடை வந்தார்.”

“ஐயோ. போட்டுட்டாரா?”

“இல்லை சேர். போடேலாது. ரீச்சர் வீட்டிலையிருந்து கதிரை கொண்டுவந்து, பெட்டிக்கு முன்னாலை போட்டு இருக்கிறா. குடையும் பிடிச்சுக்கொண்டு. அந்த அண்ணன்காரனும் பக்கத்திலை நிக்கிறான், பயந்து பயந்து.”

“கந்தசாமி அண்ணை?”

“கோடாலியைக் கீழை வைச்சிட்டு முன்னாலை நிண்டு ஏசுறார். அவ ஒண்டும் கதைக்கேல்லை. பாத்துக்கொண்டிருக்கிறா.”

அந்தப் பார்வையை நினைத்து எனக்கே கந்தசாமி அண்ணைமேல் இரக்கம் வந்தது. ஒலிபெருக்கியில் எங்கள் விமானத்தைக் கூப்பிட்டார்கள்.

“எவ்வளவு நேரம் இப்படி உட்கார்ந்திருப்பாங்க ரஞ்சன்?”

“நானும் கேட்டனான் சேர். தன்ரை முறை முடியுமட்டும் எண்டு சொன்னவ. நாளைக்கும் கதிரையோடைதான் வருவாவாம்.”